லேபிள் யார் கையில்?

போன தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் உட்கார்ந்திருந்தேன். விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போகும் பஸ்ஸில் பதினைந்து வருடமாக அந்த அச்சகத்துக்குப் போய்வருகிறேன். வெடிப் பெட்டிகளுக்கு லேபிளும், ஆடிப்பெருக்கு தாண்டினால் தினசரி காலண்டரும் அடிக்கிற இடம். பில், ஸ்டாக், பாக்கிக் கணக்கு எல்லாம் நான் எழுதிக் கொடுத்த ஒரு மென்பொருளில் ஓடுகிறது. பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. மேலே பிஎச்பி, அடியில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்.

அன்றைக்கு நான் கொண்டுபோன செய்தி, செலவு வைக்கிற செய்தி. அவர்கள் கம்ப்யூட்டரில் ஓடும் மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்புக்கு 2026 ஏப்ரலோடு ஆதரவு நிற்கிறது. அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைத்துத் தர மாட்டார்கள். அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும், நாலைந்து நாள் வேலை இருக்கிறது என்றேன்.

எழுபது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “இது ஓசின்னுதான தம்பி அன்னைக்குச் சொன்ன?”

“ஆமா அண்ணாச்சி. ஓப்பன் சோர்ஸ். யாரு வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்.”

“அப்ப எவனோ ஒருத்தன் எதுக்குக் கெடு வைக்கிறான்?”

அரைமணி நேரம் விளக்கினேன். ஆரக்கிள் என்றேன், ஜிபிஎல் என்றேன், அந்தச் செப்டம்பரில் வந்திருந்த ஆட்குறைப்புச் செய்திகளைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசையில் கிடந்த லேபிள் தாளைக் காட்டிச் சொன்னார்: “மருந்து யாரு வேணாலும் கலக்கலாம் தம்பி. இந்த ஊர்ல அது ரகசியமா? லேபிள் யாரு கையில இருக்கோ அவன்தான் மொதலாளி.”

மைஎஸ்க்யூஎல் பற்றி வருடக்கணக்கில் நான் வாசித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் மேல் கட்டப்பட்டது.

*

இலக்கியம் வாசிக்க வந்த இடத்தில் எதற்கு டேட்டாபேஸ் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தமிழில் இன்று நீங்கள் வாசிக்கும் பல இணைய இதழ்களும் எழுத்தாளர்களின் தளங்களும் வேர்ட்பிரஸில் நடப்பவை. வேர்ட்பிரஸ் தன் பதிவுகளை வைப்பது மைஎஸ்க்யூஎல்லில், அல்லது அதிலிருந்து பிரிந்துபோன மரியாடிபியில். தமிழ் விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரையும் அதன் திருத்த வரலாறும் மரியாடிபியில்தான் கிடக்கிறது. விக்கிமீடியா 2013ல் அதற்கு மாறியது. உங்கள் முதல் கதை எந்தத் தளத்தில் வந்ததோ, அது பெரும்பாலும் இப்படி ஏதோ ஓர் அட்டவணையில் ஒரு வரிசையாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓலைச்சுவடியைச் செல்லரித்ததற்கு நாம் நூற்றாண்டு கழித்தும் அழுகிறோம். இன்றைய சுவடி எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995ல் மைக்கேல் விடேனியஸ் (மான்டி என்றால்தான் தெரியும்), டேவிட் அக்ஸ்மார்க், ஆலன் லார்சன் என்ற மூவர் சுவீடனில் தொடங்கியது மைஎஸ்க்யூஎல். ‘மை’ என்பது மான்டியின் மகள் பெயர். கோட் எல்லோருக்கும் திறந்திருந்தது, ஜிபிஎல் உரிமத்தில். ஆனால் நிறுவனம் ஒரு காரியம் செய்தது: கோடின் காப்புரிமை முழுவதையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. வெளியார் எழுதிக் கொடுத்தாலும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டது. ஏனென்றால் அதன் வியாபாரமே அதில்தான் இருந்தது. இலவசமாக எடுத்தால் ஜிபிஎல் நிபந்தனைகள்; உன் மென்பொருளை மூடிவைத்து விற்க வேண்டுமா, எங்களிடம் காசு கட்டி வேறு உரிமம் வாங்கிக்கொள். இரண்டு உரிமம் தர வேண்டுமென்றால் முழு உடைமையும் ஒரே கையில் இருந்தாக வேண்டும்.

ஒரே கையில் இருப்பது எதுவோ அதை விற்க முடியும். விற்றார்கள். 2008ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2009 ஏப்ரலில் அந்தச் சன்னையே வாங்கப்போவதாக ஆரக்கிள் அறிவித்தது. உலகத்தின் மிகப்பெரிய விலையுள்ள டேட்டாபேஸ் கம்பெனி, உலகத்தின் மிகப் பிரபலமான இலவச டேட்டாபேஸை விழுங்கப் போகிறது. மைஎஸ்க்யூஎல்லின் உயிர்ப்பாகமான இன்னோடிபியை எழுதிய கம்பெனியை அதற்கு முன்பே, 2005லேயே, ஆரக்கிள் வாங்கிவிட்டிருந்தது. ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. மான்டி ஊர் ஊராகக் குரல் கொடுத்தார். 2009 டிசம்பரில் ஆரக்கிள் பத்து வாக்குறுதிகள் தந்தது: ஜிபிஎல்லில் தொடர்ந்து வெளியிடுவோம், ஆராய்ச்சிச் செலவைக் குறைக்க மாட்டோம் என்பதுபோல. 2010 ஜனவரியில் ஆணையம் சம்மதித்தது.

அந்த வாக்குறுதிகளின் ஆயுள் ஐந்து வருடம். 2015லேயே காலாவதி. இன்றைக்கு மைஎஸ்க்யூஎல் பொதுவில் இருப்பது ஆரக்கிளின் மனசு. மனசு மாறாது என்று நம்பித்தான் நாம் எல்லோரும் கடை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

*

இதற்கு மூன்று பதில்கள் வழக்கமாக வரும். மூன்றையும் நானே பல வருடம் சொல்லித் திரிந்தவன். அதனால் மூன்றோடும் சண்டை போட எனக்கு உரிமை உண்டு.

முதல் பதில்: “ஜிபிஎல் இருக்குல்ல, ஒருத்தனும் புடுங்க முடியாது.” சட்டப்படி சரி. வெளிவந்த கோடைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பறிப்பது ஒன்றுதான் கெடுக்கும் வழியா? ஆரக்கிள் மைஎஸ்க்யூஎல்லைக் கொல்லவில்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 5.6, 5.7, 8.0 மூன்றும் நல்ல பதிப்புகள். சன்னின் கையில் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் கூடவே என்ன நடந்தது? நெரிசலைச் சமாளிக்கும் த்ரெட்பூல் வசதி 2011ல் காசு கொடுப்பவர்களுக்கு மட்டும் என்று வந்தது. 2012ல், சரிசெய்த பிழைகளுக்கான புதிய சோதனைகளைப் பொதுவில் வைப்பது நின்றது. 2024ல் வந்த 9.0ல் வெக்டர் என்ற தரவு வகை எல்லோருக்கும் உண்டு. இரண்டு வெக்டருக்கு நடுவே தூரம் அளக்கும் ஃபங்ஷன் ஆரக்கிளின் ஹீட்வேவ் கிளவுடில்தான் உண்டு. தராசை இனாமாகக் கொடுத்துவிட்டு எடைக்கல்லை விலைக்கு விற்கிற மாதிரி. 2025 செப்டம்பரில், நடந்துகொண்டிருந்த ஆட்குறைப்பில் மைஎஸ்க்யூஎல் அணியினரும் வெளியேற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இதில் எதுவும் ஜிபிஎல்லை மீறவில்லை. உரிமம் அப்படியே இருக்கும், அதைத் தெரிந்த ஆட்கள் போய்விடுவார்கள். லட்சக்கணக்கான வரிகள் உள்ள கோடில், எந்த வரியைத் தொட்டால் எது உடையும் என்பது சில தலைகளுக்குள்தான் இருக்கிறது. அந்தத் தலைகளுக்கு ஜிபிஎல் கிடையாது.

ஃபோர்மேனை இழந்த பட்டறை எப்படி இருக்கும் என்று சிவகாசியில் யாரையும் கேளுங்கள். மருந்தின் அளவு நோட்டில் இருக்கும். எந்த ஈரப்பதத்தில் கை வைக்கக் கூடாது என்பது நோட்டில் இருக்காது.

இரண்டாவது பதில்: “அதான் மரியாடிபி இருக்கே.” இருக்கிறது. 2009ல் மான்டி பிரித்துக்கொண்டு போய், தன் இன்னொரு மகள் மரியாவின் பெயரை வைத்தார். நல்ல வேலை, எனக்கு மறுப்பில்லை. ஆனால் காப்பாற்ற வந்தவரின் கதையையும் பாருங்கள். மரியாடிபி நிறுவனம் 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போனது. பங்குவிலை சரிந்தது. 2024 செப்டம்பரில் கே1 என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கிச் சந்தையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டது. கோடைப் பார்த்துக்கொள்ள தனியாக ஓர் அறக்கட்டளை 2012 முதல் இருக்கிறது, அது ஆறுதல். ஆனால் சம்பளம் கொடுக்கும் கை மறுபடியும் விலைபோனது. ஒரு மகளின் பெயரை விற்றுவிட்டு இன்னொரு மகளின் பெயரில் தொடங்கினால், மறுபடி விற்கப்படாது என்பதற்கு யார் ஜாமீன்? மான்டி வில்லன் அல்ல. ஆனால் 2008ல் விற்றதில் பங்கு பெற்றவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறைத்துவிட்டு அவரைத் தியாகியாக்குவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய்.

மூன்றாவது பதில் இப்போது எல்லா இளைஞர்களும் சொல்வது: “மைஎஸ்க்யூஎல் செத்துப்போச்சு ப்ரோ, போஸ்ட்கிரெஸ்க்கு மாறு.” மாறலாம். நம்மூர்க்காரர்களே மாறியிருக்கிறார்கள்: சோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் சிலவற்றில் ஒருகாலத்தில் மைஎஸ்க்யூஎல் கூடவே வரும், பிறகு அந்த இடத்தில் போஸ்ட்கிரெஸ் வந்தது. ஆனால் போஸ்ட்கிரெஸ் ஏன் பாதுகாப்பு என்று கேட்டால், அதன் வேகத்தையும் வசதிகளையும் அடுக்குகிறார்கள். காரணம் அதுவல்ல. போஸ்ட்கிரெஸை யாராலும் வாங்க முடியாது, ஏனென்றால் அது யாருடையதும் இல்லை. பல கம்பெனிகளில் சம்பளம் வாங்கும் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். காப்புரிமை சிதறிக் கிடக்கிறது.

அந்தச் சிதறல் தானாக நிலைக்கவில்லை. 2020ல் ஈடிபி என்ற கம்பெனி செகண்ட்குவாட்ரன்ட் என்ற கம்பெனியை வாங்கியது. ஒரே வாரத்தில் போஸ்ட்கிரெஸின் மையக்குழுவில் பாதிக்கு மேல் ஒரே முதலாளியின் ஆட்களாகிவிட்டார்கள். ஒரே கம்பெனிக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எங்கும் எழுதாத, நெடுநாள் வழக்கம். மையக்குழுவே முன்வந்து இதைப் பொதுவில் சொன்னது. சில வாரங்களில் வெளியிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துச் சமன்செய்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார்கள். காவல் என்பது இதுதான். போஸ்ட்கிரெஸுக்கு மாறுகிறவர்களில் எத்தனை பேர் இந்தச் சம்பவத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? மாறுவது பெரும்பாலும் வாடகை வீட்டை மாற்றுவதுபோல நடக்கிறது. இந்த வீட்டுக்காரன் சரியில்லை, அடுத்த தெரு பரவாயில்லை, அவ்வளவுதான்.

*

எனக்குக் கோபம் ஆரக்கிள்மேல் இல்லை. வியாபாரி வியாபாரம் செய்கிறான். எனக்குக் கோபம் எங்கள்மேல்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன், இதில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான். அந்த அச்சகத்து மென்பொருளில் வாடிக்கையாளர் பட்டியலைத் தமிழ் அகரவரிசையில் கேட்டால், முதல் சில வருடங்கள் தப்பாக வந்தது. ‘கப்பல்’ முன்னால் வர வேண்டும், ‘கன்னி’ பின்னால் வர வேண்டும். நம் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி எழுத்து. ஆனால் யூனிகோடில் ‘ன’வுக்கு ‘ந’வை அடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். நான் தேர்ந்தெடுத்திருந்த பழைய ‘ஜெனரல்’ வரிசைமுறை வெறும் எண்ணைப் பார்த்து அடுக்கியது. கன்னி முந்திக்கொண்டாள்.

எந்த மொழியில் எது முதலில் வர வேண்டும் என்ற விதித்தொகுப்பைக் கொலேஷன் என்பார்கள். மைஎஸ்க்யூஎல்லில் சுவீடிஷுக்கு உண்டு, ஐஸ்லாந்திய மொழிக்கு உண்டு, எஸ்பெரான்டோவுக்குக்கூட உண்டு. சிங்களத்துக்கு உண்டு. தமிழுக்கென்று தனியாக இல்லை. மரியாடிபியிலும் இல்லை. புதிய பொது விதிகளைப் பயன்படுத்தினால் ‘ன’ ஓரளவு தன் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் ‘க’வுக்கு முன் ‘க்’ வர வேண்டும் என்பதுபோன்ற நம் அகராதி ஒழுங்கு பொது விதிக்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸில் தமிழ் வரிசை கிடைக்கிறது. அதுகூட ஐசியூ என்ற பொதுநூலகம் வழியாக வருவது.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இந்த டேட்டாபேஸை வைத்து வயிறு வளர்க்கிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! எங்களில் ஒருத்தர் உட்கார்ந்து அந்த விதியை எழுதி அனுப்பி, ஏற்கும்வரை விடாமல் நின்றிருந்தால் அது இன்று உலகத்தின் ஒவ்வொரு பதிப்பிலும் இருந்திருக்கும். நான் என்ன செய்தேன்? என் கோடில் ஒரு ஒட்டு போட்டேன். தனியாக ஒரு காலம் வைத்து, வரிசை எண் போட்டு, அந்த ஒரு அச்சகத்துக்கு மட்டும் சரிசெய்தேன். பில்லில் சேர்த்துக் காசும் வாங்கினேன்.

தமிழில் இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. து. நித்யா ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ என்று ஒரு நூலை எழுதினார். கணியம் அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச மின்னூலாக வெளியிட்டது. ஆங்கிலத்தில் தடுமாறுகிற ஒரு பாலிடெக்னிக் மாணவிக்கு அது திறந்துவிட்ட கதவை எந்தக் கம்பெனியும் திறக்கவில்லை. ஆனால் அப்படிச் சிலர் தங்கள் இரவுகளைக் கொடுத்துச் செய்வதும், மற்ற எல்லோரும் எடுத்துக்கொண்டு போவதும்தான் நம் ஓப்பன் சோர்ஸ் பண்பாடு. ஓசி என்ற சொல்லை நாம் அவ்வளவு ஆசையோடு சொல்கிறோம்.

இங்கேதான் சிவகாசி எனக்கு உறுத்துகிறது. 1922ல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி வாங்கி வந்து விற்கப் போகவில்லை. செய்யக் கற்றுக்கொண்டு வரப் போனார்கள். வந்து செய்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சுத்தொழில் வளர்ந்தது. மருந்து தெரிந்த கைகள் பட்டாசுக்குப் போயின. மழை பொய்த்த கரிசல் காட்டில் ஒரு ஊர் எழுந்தது. இதைப் புனிதக் கதையாக்க நான் தயாராக இல்லை. அந்தத் தீப்பெட்டிகளைக் குழந்தைகளின் விரல்கள் அடுக்கிய காலம் உண்டு; வெடிவிபத்தில் போன உயிர்களுக்கு இன்றும் கணக்கு முடியவில்லை. ஆனால் கற்றுக்கொள்வது என்றால் செய்யக் கற்றுக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்க் கற்றது எடுத்துப் பயன்படுத்த மட்டும்.

முடிவு எங்கோ ஓர் அறையில் எடுக்கப்படும்போது என்ன ஆகும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். 2018 அக்டோபர் 23ல் டெல்லியில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். நுரையீரலுக்கும் ஒரு கட்சி உண்டு. அதன்பின் மாதக்கணக்கில் ஆலைகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் அங்கே வழக்கு என்று ஒன்று இருந்தது. உற்பத்தியாளர் வாதாடினார், பாதிக்கப்பட்டவர் வாதாடினார், பசுமைப் பட்டாசு என்று ஒரு நடுவழி வந்தது. நம் டேட்டாபேஸின் தலையெழுத்தை ஒரு கம்பெனியின் காலாண்டுக் கூட்டம் எழுதும்போது நம் தரப்பில் வக்கீல் கிடையாது. நமக்குத் தரப்பே கிடையாது.

*

தரப்பு வேண்டுமென்றால் கையை வைத்தாக வேண்டும். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற இன்னொரு பிரபல டேட்டாபேஸ் தன் உரிமத்தை இறுக்கியபோது, சில நாட்களில் வால்கீ என்ற பிரிவு லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் எழுந்து நின்றது. அமேசானும் கூகுளும் பின்னால் நின்றன. வேடிக்கை, ஆரக்கிளும் நின்றது. அடுத்த வருடமே ரெடிஸ் மறுபடி ஒரு திறந்த உரிமத்துக்கு இறங்கிவந்தது. உரிமத்தின் பலத்தில் மட்டும் அது நடக்கவில்லை. கோடைத் தெரிந்த பொறியாளர்கள் வெளியே இருந்தார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆளும் இருந்தார்கள். அதனால் நடந்தது.

நாம் அமேசான் இல்லை, சரி. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு உண்டு. இதழ் நடத்துகிறவர்களே, உங்கள் முழு டேட்டாபேஸின் நகலை மாதம் ஒருமுறை எடுத்து, வேறு இடத்தில் வேறு டேட்டாபேஸில் ஏற்றித் திறந்து பாருங்கள்; திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப் இல்லை. பாடம் நடத்துகிறவர்களே, ஒரு பிராண்டைக் கற்றுத்தராதீர்கள், எஸ்க்யூஎல்லைக் கற்றுத்தாருங்கள். சம்பளம் வாங்குகிற என் தோழர்களே, ஒரு பிழையையாவது ஒழுங்காக எழுதிப் பதியுங்கள். ஒரு தமிழ் வரிசை விதியையாவது அனுப்புங்கள். கம்பெனி வைத்திருக்கிறவர்களே, எந்தக் கோடின் மேல் கடை வைத்திருக்கிறீர்களோ அதைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளைக்கு ஒரு ஆளின் நேரத்தையாவது கொடுங்கள். மைஎஸ்க்யூஎல் பிழைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். பிழைக்கும் என்றாலும் இல்லை என்றாலும் நாம் எதுவும் செய்யாமல் இருப்பதற்கு அது சாக்காகிவிடும்.

அன்றைக்கு அச்சகத்தில் இந்தக் கொலேஷன் விஷயத்தையும் சொன்னேன். நம்ம வரிசையை அவர்களிடமே எழுதிக் கொடுத்திருக்கலாம், அப்போது உங்களுக்கு ஒட்டுப்போட்டுத் தந்திருக்க வேண்டாம் என்றேன். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“எழுதிக் குடுக்க எத்தன நாளாகும்?”

“ஒரு மாசம் ஆகும் அண்ணாச்சி. கூடிப்போனா ரெண்டு.”

“பதினஞ்சு வருசமா வந்து போற. என்ன பண்ணிட்டிருந்த?”

என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். திருத்தங்கல் தாண்டியதும் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, முதல் வரியாக உயிரெழுத்துகளை அடிக்க ஆரம்பித்தேன். இன்னும் முடியவில்லை. யாராவது கூட வாருங்கள்.